டிஜிட்டல் வானொலி: அலை தயார், பெட்டி தயாரா?

நார்வேயின் வடபகுதியில் உள்ள போடோ நகரில் 2017 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் தேதி தேசிய வானொலிகளின் பண்பலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. அங்கு தொடங்கிய இந்த நடவடிக்கை, மாவட்டம் மாவட்டமாக நகர்ந்து அதே ஆண்டு டிசம்பர் 13 ஆம் தேதி நாடு முழுவதும் நிறைவடைந்தது. தேசிய அளவிலான பண்பலை ஒலிபரப்பைக் கைவிட்டு டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மாறிய உலகின் முதல் நாடு என்ற பெயர் நார்வேக்குக் கிடைத்தது.

ஆனால் இந்த மாற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பு நார்வே நாளேடான டாக்பிளாடெட் வெளியிட்ட கருத்துக் கணிப்பில், கேட்கப்பட்டவர்களில் 66 சதவீதத்தினர் பண்பலையை நிறுத்துவதை எதிர்ப்பதாகக் கூறியிருந்தனர். ஆதரித்தவர்கள் 17 சதவீதத்தினர் மட்டுமே. உலகின் செல்வந்த நாடுகளில் ஒன்றில், சுமார் ஐம்பது இலட்சம் மக்களே வாழும் நாட்டில், புதிய வானொலிப் பெட்டி வாங்கச் சொன்னதற்கு இந்த அளவு எதிர்ப்பு எழுந்தது.

டிஜிட்டல் வானொலி வழக்கமான ஒலிபரப்பாகத் தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இதே காலத்தில் கைபேசியும் இணையமும் தொலைக்காட்சியும் தலைகீழாக மாறிவிட்டன. வானொலி மட்டும் பெரும்பாலான நாடுகளில் இன்னமும் பழைய பண்பலையிலேயே கேட்கப்படுகிறது. இதற்கான காரணத்தை ஒலிபரப்புக் கோபுரங்களில் தேடிப் பயனில்லை. சமையலறை அலமாரியிலும், காரின் முன்பலகையிலும், படகோட்டியின் பையிலும் இருக்கும் அந்தச் சிறிய பெட்டியில்தான் அது இருக்கிறது.

மாற்றத்தால் யாருக்கு இலாபம்?

பழைய முறையில், ஒலியின் ஏற்ற இறக்கங்கள் அப்படியே வானொலி அலையின் ஏற்ற இறக்கங்களாக மாற்றப்படுகின்றன. ஒரு நிலையத்துக்கு ஓர் அலைவரிசை தேவை. டிஜிட்டல் முறையில் ஒலி எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு, ஏராளமான துணை அலைகளில் பகிர்ந்து அனுப்பப்படுகிறது. ஐரோப்பாவில் உருவான டிஏபி எனப்படும் முறையில் இத்தகைய 1,536 துணை அலைகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தப்படுகின்றன. மல்டிபிளெக்ஸ் எனப்படும் இந்தக் கூட்டுத் தொகுப்பு ஒன்றிலேயே பத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை அனுப்ப முடியும்.

ஒரே நிகழ்ச்சியை நாடு முழுவதும் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பவும் முடியும். அடுத்தடுத்த கோபுரங்கள் ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாமல் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் செல்பவர் வழியில் நிலையத்தைத் தேடித் தேடித் திருப்ப வேண்டியிருப்பது போன்ற தொல்லை இந்த முறையில் கிடையாது.

ஒலிபரப்பாளர்களுக்கு இதில் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. தேசிய வானொலிகளைப் பண்பலையில் ஒலிபரப்ப ஆகும் செலவு, டிஏபி முறையில் ஆகும் செலவைப்போல் எட்டு மடங்கு என்று நார்வேயின் கலாச்சார அமைச்சு 2015 ஆம் ஆண்டு அறிவித்தது. பண்பலையில் ஐந்து தேசிய நிலையங்களுக்கே இடமிருந்தது. டிஜிட்டலில் 22 நிலையங்கள் ஒலிக்கின்றன என்றும் அது சுட்டிக்காட்டியது.

ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் நேயர் இருக்கிறார். ஒலிபரப்பாளரின் செலவு குறைகிறது. அதற்காக நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை ஒதுக்கிவிட்டு, சொந்தப் பணத்தில் புதியது வாங்க வேண்டியவர் நேயர். ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வானொலியோ சமையலறையிலும், படுக்கையறையிலும், கடிகாரத்திலும், காரிலும், கைபேசியிலும் இருக்கிறது. ஒன்றை மாற்றினால் போதாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

திடீர் மௌனம்

பண்பலை ஒலிபரப்பு வலுவிழக்கும்போது முதலில் இரைச்சல் எழும். பின்னர் குரல் மங்கும். ஆனாலும் காதைக் கூர்மையாக்கினால் செய்தி புரியும். டிஜிட்டல் ஒலிபரப்பில் இந்த இடைநிலை மிகக் குறைவு. எண்கள் போதுமான அளவு வந்து சேரும்வரை ஒலி துல்லியமாக இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும், சேற்றில் குமிழி கொப்பளிப்பது போன்ற ஓசை சில நொடிகள் கேட்கும். பிறகு முற்றான மௌனம்.

பொறியாளர்களின் கண்ணில், குறிப்பிட்ட எல்லை வரை குறையில்லாத ஒலி கிடைப்பது முன்னேற்றம். நேயர் பார்ப்பது வேறு. நேற்று வரை கொஞ்சம் கரகரத்தாலும் பேசிய பெட்டி இன்று பேசவில்லை என்பதுதான் அவருக்குத் தெரிகிறது.

டிஏபி முறையின் தொடக்க காலத் திட்டமிடல் பெரும்பாலும் கார்களை மனதில் கொண்டு செய்யப்பட்டது. காரின் கூரையில் ஆன்டெனா இருக்கிறது; சுற்றிலும் திறந்தவெளி. ஆனால் மக்கள் வாங்கியது சமையலறையில் வைக்கும் பெட்டிகளை. தடித்த சுவர்களைக் கடந்து உள்ளே வரும் அலை பலவீனமானது. பிரிட்டனில் பல ஆண்டுகள் எழுந்த புகார்களில் இதுவே முதன்மையானது. கூடுதல் கோபுரங்களை அமைத்தும், ஒலிபரப்பின் திறனைக் கூட்டியும்தான் இந்தக் குறை படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

மின்கலம் மற்றொரு சிக்கல். ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் வானொலி இரண்டு மின்கலங்களில் பல வாரங்கள் ஓடும். டிஜிட்டல் பெட்டிக்குள் இருப்பது கிட்டத்தட்ட ஒரு சிறிய கணினி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணை அலைகளைப் பிரித்தெடுத்து, சுருக்கப்பட்ட ஒலியை மீண்டும் விரிக்க அது இடைவிடாது கணக்கிட வேண்டும். முதல் தலைமுறைப் பெட்டிகள் மின்கலங்களை வேகமாகத் தின்றுதீர்த்தன. இன்றைய சில்லுகள் வெகுவாக மேம்பட்டுவிட்டாலும், பழைய டிரான்சிஸ்டரின் சிக்கனத்தை அவை எட்டவில்லை.

கணக்கிடுவதற்கு நேரமும் பிடிக்கிறது. டிஜிட்டல் ஒலிபரப்பு, பண்பலையைவிடச் சில நொடிகள் பிந்தி வருகிறது. மணிக்கூண்டின் ஒலியைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்யும் பழக்கம் இதனால் பொருளற்றதாகிறது. ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் இருவகைப் பெட்டிகள் பேசினால், ஒன்று மற்றொன்றின் எதிரொலிபோல் ஒலிக்கும்.

பழுது பார்ப்பதும் எளிதல்ல. பழைய வானொலியைத் திறந்து, கம்பியைப் பற்றவைத்து, மின்தேக்கியை மாற்றி ஓட வைக்கும் பழுதுபார்ப்பவர் கடைத்தெருதோறும் இருந்தார். ஒற்றைச் சில்லுக்குள் எல்லாம் அடங்கிய டிஜிட்டல் பெட்டி பழுதானால், பெரும்பாலும் அது குப்பைக்குத்தான் போகிறது.

பழசாகிப்போன புதுப் பெட்டி

தொழில்நுட்பக் குறைகள் காலப்போக்கில் தீரக்கூடியவை. நேயரின் நம்பிக்கையைக் குலைத்தவை தரநிர்ணயத்தில் ஏற்பட்ட மாற்றங்களே.

டிஏபி முறை 1987 ஆம் ஆண்டு தொடங்கிய யுரேகா 147 என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தில் உருவானது. நார்வேயின் என்ஆர்கே, பிரிட்டனின் பிபிசி ஆகியவை 1995 ஆம் ஆண்டு இந்த முறையில் ஒலிபரப்பத் தொடங்கின. ஆனால் முதல் சில ஆண்டுகள் கடைகளில் பெட்டிகளே அரிதாக இருந்தன. கிடைத்தவற்றின் விலை நூற்றுக்கணக்கான பவுண்டுகள். 2002 ஆம் ஆண்டு பிரிட்டனில் ப்யூர் நிறுவனம் நூறு பவுண்டுக்கும் குறைவான விலையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்த பிறகே சந்தை அசையத் தொடங்கியது.

அப்போது பயன்பாட்டில் இருந்த ஒலிச் சுருக்க முறை 1980களின் இறுதியில் வடிவமைக்கப்பட்டது. அதற்குள் அதைவிடப் பன்மடங்கு திறமையான முறைகள் வந்துவிட்டிருந்தன. 2007 ஆம் ஆண்டு டிஏபி பிளஸ் என்ற மேம்பட்ட தரம் வெளியானது. அதே இடத்தில் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட நிலையங்களை அனுப்ப அது வழிசெய்தது. ஆனால் அதுவரை விற்ற பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றால் அதைக் கேட்க முடியவில்லை.

முன்கூட்டியே துணிந்து வாங்கியவர்கள் இதனால் தண்டிக்கப்பட்டவர்களானார்கள். பிரிட்டனில் அத்தகைய பெட்டிகள் இலட்சக்கணக்கில் வீடுகளில் இருந்தன. அவற்றைக் கைவிட முடியாததால் பழைய தரத்தையும் நீண்டகாலம் தொடர வேண்டியதாயிற்று. ஒரே தொகுப்பில் கூடுதல் நிலையங்களைத் திணிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய தரவு குறைக்கப்பட்டது. இசை நிகழ்ச்சிகள் பண்பலையைவிடத் தரம் குறைந்து ஒலிக்கின்றன என்ற புகார் எழுந்தது. குறுவட்டின் தரம் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு தொழில்நுட்பத்துக்கு இது நல்ல பெயரைத் தரவில்லை. 2009 ஆம் ஆண்டு டிஏபி பிளஸ் முறையிலேயே நேரடியாகத் தொடங்கிய ஆஸ்திரேலியாவுக்கு இந்தச் சுமை இல்லை. தாமதமாக வந்ததே அதற்கு அனுகூலமாக அமைந்தது.

வேறு சில நாடுகளில் ஒலிபரப்பே நின்றுபோனது. பின்லாந்து 2005 ஆம் ஆண்டும், போர்த்துகல் 2011 ஆம் ஆண்டும் டிஏபி ஒலிபரப்பை நிறுத்தின. சிங்கப்பூரில் மீடியாகார்ப் நிறுவனம் 1999 ஆம் ஆண்டு தொடங்கிய டிஜிட்டல் வானொலிச் சேவை 2011 ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. அயர்லாந்தின் ஆர்டிஈ 2021 ஆம் ஆண்டு தனது டிஏபி சேவையை மூடியது.

கனடாவின் அனுபவம் வேறுவிதமானது. ஐரோப்பிய முறையைக் கனடா தேர்ந்தெடுத்தது. அண்டை நாடான அமெரிக்கா, பழைய அலைவரிசையிலேயே டிஜிட்டலையும் சேர்த்து அனுப்பும் எச்டி ரேடியோ முறைக்கு 2002 ஆம் ஆண்டு அனுமதியளித்தது. இரு நாட்டுக்கும் கார்ச் சந்தை ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்காவில் பயன்படாத ஒரு கருவியைக் கனடாவுக்கென்று தனியாகப் பொருத்தக் கார் நிறுவனங்கள் முன்வரவில்லை. கனடாவின் டிஜிட்டல் ஒலிபரப்பு கேட்பாரின்றி அடங்கிப்போனது.

நேயர் எப்போது வாங்குகிறார்?

இத்தனைக்குப் பிறகும் புதிய பெட்டிகளை மக்கள் வாங்கத்தான் செய்திருக்கிறார்கள். எப்போது வாங்கினார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

டொரான்டோ வாழ் தமிழர்களுக்கு இது புதிய செய்தியல்ல. அங்கு தமிழ் வானொலிகள் தொடக்கத்தில் பண்பலை நிலையங்களின் துணை அலைகளில் ஒலிபரப்பாயின. சாதாரண வானொலியில் அவற்றைக் கேட்க முடியாது. அதற்கென்று சிறப்புப் பெட்டி வாங்க வேண்டும். ஊரிலிருந்து செய்தியும், மரண அறிவித்தலும், பாட்டும் தாய்மொழியில் வேறெங்கும் கிடைக்காத நிலையில், குடும்பங்கள் தயங்காமல் அந்தப் பெட்டிகளை வாங்கின. அங்கு பெட்டியை விற்றது நிகழ்ச்சிதான்.

பிரிட்டனிலும் இதுவே நடந்தது. பண்பலையில் கிடைக்காத சிக்ஸ் மியூசிக் போன்ற நிலையங்களை பிபிசி 2002 ஆம் ஆண்டு டிஜிட்டலில் தொடங்கியது. அவற்றுக்காகவே பெட்டி வாங்கிய நேயர் கூட்டம் உருவானது. ஏற்கனவே பண்பலையில் தெளிவாகக் கேட்கும் நிகழ்ச்சியை மீண்டும் டிஜிட்டலில் தருகிறோம் என்று சொன்னால் மட்டும் யாரும் பணப்பையைத் திறப்பதில்லை.

இரண்டாவது தூண்டுகோல் கார். வானொலி கேட்கும் நேரத்தில் பெரும்பங்கு காரில் கழிகிறது. ஆனால் கார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடும். அதில் பொருத்திய வானொலியை மாற்றுவது எளிதல்ல. புதிய கார்களில் உள்ள வானொலி திரைக்குள்ளும் மின்னணுக் கட்டமைப்புக்குள்ளும் பிணைந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஆம் ஆண்டு இயற்றிய மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டவிதியின்படி, 2020 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் விற்கப்படும் புதிய கார்களில் வானொலி இருந்தால் அது டிஜிட்டல் ஒலிபரப்பையும் பெறக்கூடியதாக இருக்க வேண்டும். முப்பது ஆண்டு விளம்பரம் செய்யாததை இந்த ஒரு விதி செய்து வருகிறது என்றால் மிகையாகாது.

அப்படியும் அவசரம் உதவவில்லை. பிரிட்டிஷ் அரசு 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட திட்டத்தில், 2015 ஆம் ஆண்டளவில் மாற்றத்தை நிகழ்த்துவது என்ற இலக்கு இருந்தது. நேயர்கள் தயாராக இல்லை என்பதால் 2013 ஆம் ஆண்டு அது கைவிடப்பட்டது. பிரிட்டனில் வானொலி கேட்கும் நேரத்தில் பாதிக்கு மேல் டிஜிட்டல் வழியே நிகழ்ந்தது 2018 ஆம் ஆண்டில்தான். இதில் இணையமும் தொலைக்காட்சியும் அடக்கம். குறைந்தபட்சம் 2030 ஆம் ஆண்டு வரை பண்பலை தொடர வேண்டும் என்று 2021 ஆம் ஆண்டு வெளியான அரசின் மீளாய்வு பரிந்துரைத்தது.

சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஆர்ஜி 2024 ஆம் ஆண்டு இறுதியில் பண்பலையை நிறுத்தியது. தனியார் நிலையங்கள் அப்போது பண்பலையில் தொடர்ந்தன. எஸ்ஆர்ஜி தனது நேயர்களில் குறிப்பிடத்தக்க பகுதியினரை இழந்தது. பழைய பெட்டியுடன் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் புதிய பெட்டி வாங்காமல், பழைய பெட்டியில் இன்னமும் கேட்கும் வேறு நிலையத்துக்குத் திரும்பினர். ஒலிபரப்பாளர்கள் ஒன்றாக நகராவிட்டால் முதலில் நகர்பவரே நட்டமடைகிறார் என்பதை இது காட்டுகிறது.

சிற்றலையின் நிறைவேறாத கனவு

தமிழ் நேயர்களுக்கு மிக நெருக்கமானது சிற்றலையின் கதை. கடல் கடந்து வரும் செய்தியை இரைச்சலுக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் நடுவே, பெட்டியை ஜன்னலோரம் வைத்துக் கேட்ட தலைமுறைகள் யாழ்ப்பாணத்திலும் தமிழகக் கிராமங்களிலும் இருந்தன.

அந்த இரைச்சலை அகற்றுவதாக வாக்களித்து வந்தது டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் ரேடியோ மோண்டியல் முறை. சர்வதேச ஒலிபரப்பு நிறுவனங்கள் பல சேர்ந்து 2003 ஆம் ஆண்டு ஜெனிவாவில் இதனை முறைப்படி தொடக்கிவைத்தன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் ஒலி, பண்பலையின் தெளிவை நெருங்கும் என்பது இதன் கவர்ச்சி. ஒலிபரப்புக்கு ஆகும் மின்சாரமும் கணிசமாகக் குறையும்.

ஒலிபரப்புகள் தொடங்கின. பெட்டிகள் வரவில்லை. வந்த சிலவும் விலை கூடியவை. மின்கலத்தை விரைவில் காலி செய்பவை. ஆர்வலர்களைத் தாண்டிப் பரவாதவை. பெட்டி இல்லாததால் ஒலிபரப்பாளர்கள் நேரத்தைக் கூட்டவில்லை. ஒலிபரப்பு குறைவாக இருந்ததால் தயாரிப்பாளர்கள் பெட்டிகளைக் குவிக்கவில்லை. கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற இந்தச் சிக்கல் அவிழ்வதற்கு முன்பே, பல நாடுகள் சிற்றலை ஒலிபரப்பையே கைவிடத் தொடங்கிவிட்டன. 1941 ஆம் ஆண்டு தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் நிறைவடைந்தது. நேயர்கள் இணையத்துக்கும் கைபேசிக்கும் போயிருந்தார்கள். போக முடியாதவர்கள் கணக்கில் வரவில்லை.

இந்தியாவின் பெருஞ்சோதனை

டிஆர்எம் முறைக்கு உலகிலேயே மிகப் பெரிய ஆதரவு இந்தியாவிலிருந்து வந்தது. ஆகாசவாணி எனப்படும் அகில இந்திய வானொலி, முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பு நிலையங்களில் டிஆர்எம் வசதி கொண்ட கருவிகளை நிறுவியது. சென்னையும் அவற்றில் ஒன்று.

இதன் பின்னால் இருந்த கணக்கு தர்க்கரீதியானது. ஒரு பண்பலைக் கோபுரம் சில பத்துக் கிலோமீட்டர்களையே எட்டும். மத்திய அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். மலையும் காடும் கடற்கரையும் நிறைந்த பரந்த நாட்டில், ஒரே கோபுரத்திலிருந்து இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைத் தெளிவாக அனுப்ப முடிந்தால் அது பெரும் சிக்கனம்.

நேயரின் பக்கத்தில் நிலைமை வேறு. சந்தைக்கு வந்த தனி டிஆர்எம் பெட்டிகளின் விலை பல ஆயிரம் ரூபாய். சில நூறு ரூபாய்க்குப் பண்பலைப் பெட்டி கிடைக்கும் நாட்டில், கைபேசியிலேயே பாட்டுக் கேட்கும் காலத்தில், அந்த விலையைக் கொடுக்க முன்வந்தவர்கள் மிகச் சிலர். எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில், என்ன நிகழ்ச்சி டிஜிட்டலில் வருகிறது என்பதைச் சொல்லும் விளம்பரமும் பொதுமக்களைச் சென்றடையவில்லை.

பழைய நேயர்களையும் இழக்கக்கூடாது என்பதற்காகப் பல நிலையங்கள் ஒரே கருவியில் பழைய முறையையும் டிஜிட்டலையும் சேர்த்து ஒலிபரப்பின. இந்த ஏற்பாட்டில் டிஜிட்டலுக்குக் கிடைப்பது மொத்தத் திறனில் சிறு பங்கே. அதனால் எட்டும் தூரமும் சுருங்குகிறது. வீடுகளில் பெருகிவிட்ட எல்இடி விளக்குகளும் மின்னேற்றிகளும் இன்வெர்ட்டர்களும் மத்திய அலையில் எழுப்பும் மின் இரைச்சல் மற்றொரு தடை.

எதிர்பாராத இடத்திலிருந்து ஓரளவு வெற்றி கிடைத்தது. 2017 ஆம் ஆண்டளவில் தொடங்கி, இந்தியாவில் விற்கப்படும் பல புதிய கார்களில் டிஆர்எம் வசதி நிறுவனத்திலேயே பொருத்தப்பட்டு வருகிறது. வீட்டுக்குள் நுழைய முடியாத தொழில்நுட்பம் கார் வழியாக இலட்சக்கணக்கானவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் கார் வாங்க முடிந்தவர்களுக்கு ஏற்கனவே பல வசதிகள் உண்டு. வானொலியை மட்டுமே நம்பியிருப்பவரிடம் கார் கிடையாது.

கொள்கையும் ஒரே திசையில் செல்லவில்லை. 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 91 புதிய பண்பலை ஒலிபரப்புக் கருவிகளைப் பிரதமர் நரேந்திர மோதி ஒரே நாளில் தொடக்கிவைத்தார். அவை யாவும் பழைய முறையில் இயங்கும் பண்பலைக் கருவிகள். கைபேசிகளில் உள்ள பண்பலை வானொலி வசதியை முடக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்களை அரசு கேட்டுக்கொண்டதும் அதே ஆண்டில்தான். மறுபுறம், பெரு நகரங்களில் தனியார் டிஜிட்டல் வானொலியைத் தொடங்க இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பரிந்துரைத்தது. நாடு முழுவதும் ஒரே தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. டிஆர்எம் முறையா, எச்டி ரேடியோவா என்பது கோடிக்கணக்கான பெட்டிகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தேர்வு. அது தெளிவாகும்வரை எந்தத் தயாரிப்பாளரும் மலிவான பெட்டியைப் பெருமளவில் தயாரிக்கத் துணியமாட்டார்.

பேரிடர் வேளையில்

வானொலி வெறும் பொழுதுபோக்கு என்றால் இந்தத் தாமதங்களைச் சந்தையின் போக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் சாய்ந்த பிறகும் பேசும் கருவி வானொலி மட்டுமே. 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது கைபேசி இணைப்புகள் பரவலாகச் செயலிழந்தன. 2017 ஆம் ஆண்டு ஒக்கிப் புயல் வீசியபோது, கைபேசி எட்டாத ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பது பெருந்துயரமாக மாறியது. 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் தேதி ஸ்பெயினும் போர்த்துகலும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியபோது, மக்கள் கடைகளில் தேடி வாங்கியது மின்கலத்தில் ஓடும் சாதாரண வானொலிகளை.

டிஜிட்டல் வானொலியிலும் இதற்கான வசதிகள் உண்டு. அபாய அறிவிப்பு வரும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் நிலையத்திலிருந்து பெட்டி தானாகவே எச்சரிக்கைக்கு மாறும்படி செய்யலாம். திரையில் பல மொழிகளில் செய்தியை எழுத்தாகக் காட்டலாம். தமிழும் மலையாளமும் தெலுங்கும் பேசும் மீனவர்கள் ஒரே கடலில் இருக்கும்போது இது பெரும் பயன் தரக்கூடியது. ஆனால் அந்த எச்சரிக்கை, கைக்கடக்கமான, மலிவான, உப்புக்காற்றைத் தாங்கும், மின்கலத்தில் நாட்கணக்கில் ஓடும் ஒரு பெட்டியில் ஒலித்தால்தான் படகுக்குப் பயன்.

கணக்கு யாருடையது?

இணையம் வந்துவிட்ட பிறகு டிஜிட்டல் வானொலி எதற்கு என்ற கேள்வியும் எழுப்பப்படுகிறது. நல்ல இணைப்பும் அதற்குக் கட்டணமும் உள்ளவருக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் வான்வழி ஒலிபரப்பில் நேயர் ஒருவரோ ஒரு கோடிப் பேரோ, செலவு ஒன்றுதான். கேட்பவர் யார் என்பதை யாரும் பதிவு செய்வதில்லை. கேட்பதற்கு மாதக் கட்டணம் இல்லை. இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரமும் இடைத்தரகரிடம் இல்லை. எந்த முறைக்கு மாறினாலும் இழக்கக்கூடாத பண்புகள் இவை.

மூன்று நிபந்தனைகள் நிறைவேறிய இடங்களிலேயே டிஜிட்டல் வானொலி வேரூன்றியிருக்கிறது. தரம் ஒன்றே, அது அடுத்த சில ஆண்டுகளில் மாறாது என்ற உறுதி. பழைய பெட்டியில் கிடைக்காத நிகழ்ச்சி. பெட்டி தானாகவே கைக்கு வரும்படியான சட்டம் அல்லது ஏற்பாடு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கோபுரங்கள் ஆளற்ற திடலில் பேசுகின்றன.

நான்காவது ஒன்றும் உண்டு. அதை எந்த நாடும் முழுமையாகச் செய்ததாகத் தெரியவில்லை. பண்பலையை நிறுத்துவதால் ஒலிபரப்பாளருக்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு, பெட்டி வாங்க முடியாத நேயருக்குத் திரும்ப வேண்டும். முதியவருக்கும், மலைக்கிராமத்தவருக்கும், மீனவருக்கும் புதிய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பழைய அலையை நிறுத்துவது ஒரு வழி. அலையை நிறுத்திவிட்டு, பெட்டியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்பது இன்னொரு வழி. இதுவரை பெரும்பாலும் பின்பற்றப்பட்டிருப்பது இரண்டாவது வழிதான். நார்வேயில் அந்த 66 சதவீதத்தினர் எதிர்த்ததும் அதைத்தான்.